புதுப்பிப்பு: தேக்குப் பலகை கருகின கதை

போன மாசம் கேட்டிருந்தேனே, புது சர்க்குலர் சா-வில் (கரண்ட்டில் சுத்துற வட்ட ரம்பம்) பழைய பர்மா தேக்கை நீளவாக்கில் அறுத்தால் ஓரம் கருகுது, புகையுதுன்னு? காரணம் தெரிஞ்சிருச்சு. மெஷினைத் திட்டினதெல்லாம் வாபஸ்.

பலகை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கினது, ஏதோ ஒரு வீட்டு நிலைக்கதவு. பக்கத்துத் தெரு ஆசாரி ஐயா வந்து பிளேடைக் கழற்றி, ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவினார். "தம்பி, ஆணியக் கடிச்சிருக்கு." பார்த்தால் ரெண்டு பல்லுக்கு நுனியே இல்லை! பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை மேல் ஓட்டினோம்; மக்கு (ஓட்டை அடைக்கிற பூச்சு) பூசின மூணு இடத்தில் டக்குன்னு ஒட்டிச்சு. தலை போன ஆணிகள். வாங்கின அன்னைக்கே செஞ்சிருக்கணும்.

இன்னொரு தப்பு, நான் போட்டிருந்தது 60 பல் பிளேடு. அது குறுக்கே அறுக்க, பிளைவுட்டுக்கு. நீளவாக்கில் அறுக்க 24 பல் போதும். பல்லுக்கு நடுவே இடம் இருந்தால்தான் தூள் வெளியேறும், இல்லாட்டி உரசி உரசிச் சூடேறும். தேக்கில் சிலிக்கா வேற இருக்கு, பிளேடு சீக்கிரம் மழுங்கும்.

மாத்தினதும் வெண்ணெய் மாதிரி அறுக்குது. ஆனா தூள்! முற்றத்தில் ஆத்தா காயவெச்ச வத்தல் மேலெல்லாம் படிஞ்சு, இப்ப எனக்குக் கொல்லைப்புறம்தான் பட்டறை. மாஸ்க், கண்ணாடி இல்லாமல் தொடுறதில்லை.

இந்தப் பலகையில் செஞ்ச முக்காலி முடிஞ்சது. ஒரு கால் மட்டும் லேசா ஆடுது.