தாராளவாத விமர்சனத்துக்கு நம்மூர் உதாரணம் கிடைக்குமா?

செந்தூல் வாசகன்
வாசிப்பு வட்டத்தின் அடுத்த அமர்வு தாராளவாதம் (லிபரலிசம்) மீதான விமர்சனம் பற்றியது: சட்டம் தரும் சம உரிமை மட்டும் போதுமா? ஒன்றரை மணி நேரம், 20 பேர். "சட்டத்தின் முன் எல்லாரும் சமம், ஓட்டும் போடுகிறோம், அப்புறம் என்ன குறை?" என்று கேட்பவர்களே அதிகம். ஐரோப்பியப் பெயர்களை அடுக்கினால் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். கோலாலம்பூர்க்காரருக்குக் கண்ணெதிரே இருக்கிற உதாரணம் ஏதாவது?

தண்ணீர்மலை
அடுக்குமாடி ஜேஎம்பி (வீட்டு உரிமையாளர்களின் கூட்டு நிர்வாக அமைப்பு) ஆண்டுக் கூட்டம். 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை அச்செடுத்துக் கொடுங்கள், போதும்.

அங்கே ஓட்டு வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை. மூன்று வீடு வைத்திருப்பவருக்கு மூன்று ஓட்டு. பத்து வருஷமாக வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு ஒன்றுகூட இல்லை. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பராமரிப்புக் கட்டணமோ சிங்கிங் ஃபண்டோ (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) பாக்கி இருந்தால் உரிமையாளருக்கும் ஓட்டு போச்சு. கைதூக்கி எடுத்த முடிவு பிடிக்காமல் ஒருவர் 'போல்' (எண்ணிக்கை வாக்கெடுப்பு) கேட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு அலகுக் கணக்கு வரும், அதாவது பெரிய வீட்டுக்குப் பெரிய ஓட்டு. விற்காத வீடுகளுக்கு, கட்டடத்தைக் கட்டிய மேம்பாட்டாளரே உரிமையாளர்.

கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான எண்ணிக்கை) ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர். அரை மணி நேரத்தில் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். 400 வீட்டுக் கட்டடத்தில் 25 பேர் கட்டணத்தை ஏற்றிவிடலாம். நைட் ஷிப்ட் போகிற உரிமையாளரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தூக்கம்தான் தடுக்கிறது. ஓட்டுரிமைக்குச் சொத்துத் தகுதி வேண்டாம் என்று அரசு எடுத்துவிட்டாலும் சொத்து வெளியே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்று 1844-இல் வெளியான கட்டுரையில் மார்க்ஸ் எழுதினார். இங்கே அந்தத் தகுதியையே எடுக்கவில்லை!

ஜெலுத்தோங் பாலம்
உதாரணம் நல்லது, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் கட்டுகிறவர் முடிவெடுப்பது சொத்துச் சட்டம். அதைத் தாராளவாதத்தின் தலையில் கட்டுவது சுலபம்.

அடுக்குமாடி கேட்டுக்கு வெளியே பாருங்கள். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் 1951-இலேயே ஊராட்சித் (நகர மன்றத்) தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி 1965-இல் நிறுத்தினார்கள். ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் திரும்ப நடத்தலாம் என்று பரிந்துரைத்தும், 1976 ஊராட்சிச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. இன்று ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 கவுன்சிலர்கள், எல்லாரும் மாநில அரசின் நியமனம். பினாங்கு 2012-இல் தேர்தல் நடத்தச் சொந்தச் சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. கோலாலம்பூரில் டத்தோ பண்டாரும் (மேயர்) நியமனம், சட்டமன்றமும் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகளோடு சரி. கால்வாய் அடைத்தால் யாரைத் தோற்கடிப்பது? இது தாராளவாதம் அதிகமானதால் வந்த கேடு இல்லை, குறைந்ததால் வந்தது.

மூணாம் மைல்
இரண்டும் வேறு வேறு நோய். ஜெலுத்தோங் அண்ணன் சொல்வது உரிமையே தராதது. நைட் ஷிப்ட் விஷயம், தந்தும் பயன்படுத்த முடியாதது. அமர்வு இரண்டாவதைப் பற்றியது. 25.11.1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதும் அதைத்தான்: அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு, இந்த முரண்பாட்டை எத்தனை காலம் தாங்குவது? மார்க்ஸைவிட நம் ஆட்களுக்கு இது சீக்கிரம் எட்டும்.

செய்முறைக்கு 20 சீட்டு எழுதுங்கள். பாக்கியில்லாத உரிமையாளர் 8, பாக்கி உள்ளவர் 5, வாடகைக்காரர் 7. அந்த எட்டில் ஒருவருக்கு மூன்று வீடு. கேள்வி: இருக்கிற பணத்தில் லிப்ட்டைச் சரிசெய்வதா, ஆட்டோ கேட் (தானாகத் திறக்கும் வாசல்) போடுவதா? முதலில் எல்லாரும் கைதூக்கட்டும். பிறகு சட்டப்படி, 10 ஓட்டு மட்டும். சீட்டில் மாடி எண்ணையும் எழுதுங்கள், வாடகைக்காரர்கள் மேல்மாடியில். அதை விட்டால் எல்லாரும் சொந்த வீட்டை நினைத்தே ஓட்டுப் போடுவார்கள், ஆட்டம் படுத்துவிடும்.

ஊராட்சித் தேர்தலைக் கடைசி இருபது நிமிடத்துக்கு வையுங்கள். முதலில் எடுத்தால் பேச்சு இனக் கணக்குக்குப் போய்விடும், திரும்ப இழுக்க முடியாது.

செந்தூல் வாசகன்
நன்றி. வாடகை பிபிஆரில் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டம்) இருப்பவர்கள் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களுக்கு ஜேஎம்பி பொருந்துமா?

தண்ணீர்மலை
பொருந்தாது. அங்கே மாதம் 124 ரிங்கிட் வாடகை வாங்கும் டிபிகேஎல்தான் (கோலாலம்பூர் மாநகராட்சி) வீட்டுக்காரர், குடியிருப்போர் எல்லாரும் வாடகைக்காரர். வாடகைக்காரர் சீட்டை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களில் ஒருவருக்கு மூன்று வீட்டுக்காரர் சீட்டையும் மற்றவர்களுக்கு உரிமையாளர் சீட்டையும் கொடுங்கள்.