மூட்டுத்தடை: பேட்டரி கார் சூட்டுக்கு ஒரு கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய கோல்ஃப் கார்ட் வண்டிகளில் கேபிள் முனை கொதிக்கிறதே, அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை மூன்று வந்திருக்கின்றன: மிகைச்சூடு, தளர் இணைப்பு, தொடுதடை. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. ‘மூட்டுத்தடை’ என்று ஒன்றை முன்வைக்கிறேன்: கேபிளும் முனையும் சேரும் மூட்டில் கரண்டுக்கு ஏற்படும் தடை, சூட்டின் காரணம்.

மிகைச்சூடு அறிகுறியோடு நின்றுவிடுகிறது. சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்ச்) சுடுகிறது என்று புதுசு வாங்கிப் போடுவார்கள். அதில் மாட்டிய பழைய லக், அதாவது கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்திய உலோக வளையம், அப்படியே இருக்கும். அப்புறம் புது சோலனாய்டும் சுடும். சொல் காரணத்தைக் காட்டினால் இந்த வீண் செலவு மிச்சமாகும்.

தளர் இணைப்பு நம் மெக்கானிக்குகளின் ‘லூஸ் கான்டாக்ட்’டிலிருந்து வந்தது. ஆனால் நட்டு இறுக்கமாக இருந்தும் சுடுகிற முனைகளை வடசென்னையில் நிறையப் பார்க்கலாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று, கூடவே பேட்டரியின் அமில ஆவி. லக்குக்குள் இருக்கும் செம்பு இழைகளில் களிம்பு ஏறிவிடுகிறது. லக்கை ஒட்டிய கேபிள் உறை பழுப்பேறி விறைத்திருக்கும், நகத்தால் கீறினால் உதிரும். சீவிப் பார்த்தால் உள்ளே பச்சை. இதற்குத் ‘தளர்’ என்று பெயர் வைத்தால், படிக்கிற பையன் ஸ்பேனரை எடுத்து இன்னொரு சுற்று முறுக்குவான். பேட்டரியின் ஈய முனைதான் கெடும்.

தண்டையார்பேட்டை ஐயா தந்த தொடுதடை நல்ல வினைத்தொகை. ஆனால் வண்டிப் பெட்டியின் மேல் எழுதினால் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையாகத்தான் எவரும் வாசிப்பார்கள். அதையே ‘இணைப்புத்தடை’ என்று மாற்றலாமா என்று திருவொற்றியூர் அக்கா கேட்டிருந்தார். அக்கா, அது கரண்ட் பில் கட்டாத வீட்டுக்கு ஃபியூஸைப் பிடுங்குவதுபோல் ஒலிக்கிறது.

மூட்டு தச்சருக்கும் தெரியும், தையற்காரருக்கும் தெரியும். இரண்டு பொருள் சேருமிடம், அவ்வளவுதான். சோலனாய்டுக்குள் சேர்ந்து பிரியும் செம்புத் தகடுகளை மூட்டு எனலாமா என்று கேட்பீர்கள். மடங்கி நிமிரும் முழங்காலையும் மூட்டு என்றுதானே சொல்கிறோம்? அந்தத் தகடுகள் பொரிந்து குழி விழுந்தாலும் இதே தடைதான், இதே சூடுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறு 8 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகப் பூட்டிய 48 வோல்ட் வண்டியில், பேட்டரிகளில் மட்டுமே 12 முனைகள். மேடேறும்போது 200 ஆம்பியர் ஓடுவதாக வையுங்கள். ஒரு மூட்டில் 0.002 ஓம் தடை இருந்தால் அங்கே 0.4 வோல்ட் இறங்கும், 80 வாட் சூடாகும். சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. டிசி வோல்ட்டில் வைத்து, மீட்டர் வயரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையின் ஈயத்திலும் மற்றதை லக் தாண்டிய கம்பியிலும் வைத்து, வண்டி பாரம் இழுக்கும்போது பார்க்க வேண்டும். லக் மேலேயே வைத்தால் லக்குக்குள் இருக்கும் களிம்பு கணக்கில் வராது. சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஓட்டினாலும் பயனில்லை, ஆம்பியர் குறைவு என்பதால் குறை ஒளிந்துகொள்ளும்.

எந்தச் சூட்டையும் மூட்டுத்தடை என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கேபிள் முழுக்க ஒரே சீராகச் சுட்டால் பாரம் கூடுதல், அல்லது கம்பி மெலிசு. பிரேக் பிடித்திருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகத்தைக் குறைக்க ரெசிஸ்டர் சுருள் வைத்த மிகப் பழைய வண்டியில் பாதி வேகத்தில் போனால் அந்தச் சுருள் சுடத்தான் செய்யும், அதன் வேலையே அது. ஒரு முனை மட்டும் தனியாகக் கொதித்தால்தான் இந்தச் சொல்.

மூட்டில் வோல்ட் இறங்குவதற்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்பது பாடநூலில் பழகிய சொல், அதில் கை வைக்க வேண்டாம். பட்டறைக் குறிப்பேட்டில் இப்படி எழுதலாம்: “மூன்றாம் பேட்டரி, எதிர்மின்முனை: மூட்டுத்தடை. வீழ்ச்சி 0.4 வோல்ட். கேபிளை வெட்டிப் புது லக் அழுத்தி, முனையைத் தேய்த்துப் பூட்டிய பின் 0.03.” மாற்றுச் சொல் இருந்தால் இதே வரியில் பொருத்தி அனுப்புங்கள்.