பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவை 'கேனிஸ்டர் என்றே எழுதிவிடலாமே' என்று குழுமத்தில் ஐயா ஒருவர் நேற்று கேட்டிருந்தார். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது 1970களின் ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீர்செய்பவர்களுக்கான கையேடு. அந்த டப்பா எதற்கு இருக்கிறது என்று தெரியாமலேயே பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன் வேலையைப் பெயரே கொஞ்சம் சொல்லிவிட்டால் எறிவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் உமிழ்வு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'எரிபொருளாவி உமிழ்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், உமிழ்வுதான் எனக்கு உறுத்துகிறது. உமிழ்வு என்றதும் புகைக்குழாய்தான் மனதில் வரும். இந்த ஆவி அந்த வழியாக வருவதே இல்லை. கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய கார்கள் வெளியே விட்ட ஹைட்ரோகார்பனில் (எரிபொருளிலிருந்து வரும் வாயுக்கள்) சுமார் ஐந்தில் ஒரு பங்கு, பெட்ரோல் தொட்டியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் ஆவியாகப் போனது. எஞ்சின் ஓடவே வேண்டாம். பகலில் தொட்டி சூடேறினால் ஆவி வெளியே போகும், இரவில் குளிர்ந்தால் காற்று உள்ளே வரும். வண்டி ஷெட்டில் நின்றபடியே மூச்சு விடுகிறது. சிமிழைத் திறந்து வைத்தால் கற்பூரம் காற்றோடு போவது போலத்தான் இதுவும்.

இப்படிப் போன ஆவி லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து ஓசோனாகிறது என்று கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல்களிலிருந்தும் இந்த ஆவியைப் பிடித்து வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் பட்டறைக் கையேட்டில் இதற்கு 'ஆவியிழப்புக் கட்டுப்பாடு' என்று பொருள்படும் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது. போவது நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்.

சரி, டப்பாவுக்கு வருவோம். பெரும்பாலும் அதற்குள் கரி இருக்கும். வண்டி நிற்கும்போது வரும் ஆவியை அது பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது எஞ்சினுக்கே விட்டுவிடும். இதுவரை வந்த சொற்கள் கரிப்பெட்டி, ஆவியுறிஞ்சி, ஆவி வடிகட்டி, ஆவிப்பிடி.

கரிப்பெட்டி கேட்டவுடன் புரிகிற சொல். ஆனால் எல்லா வண்டியிலும் கரி கிடையாது. அமெரிக்காவுக்கு வந்த டாட்சன் 240இசட்டில் ஆவி முதலில் பின்பக்க உட்பலகைக்குப் பின்னால் இருக்கும் சிறு கலத்துக்குப் போகும். அங்கே திரவம் பிரிந்து தொட்டிக்குத் திரும்பும். மிச்ச ஆவி குழாய் வழியே முன்னால் வந்து ஒரு வால்வைக் கடந்து கிராங்க் கேஸில், அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டில், தங்கும். எஞ்சினை எழுப்பியதும் அங்கிருந்து உள்ளிழுக்கப்பட்டு எரிந்துவிடும். அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லரும் தொடக்கத்தில் கிராங்க் கேஸைத்தான் நம்பியது. ஆகவே அமைப்பின் பெயரில் கரியை வைத்தால் 240இசட் வெளியே நிற்கும். (அந்தக் காரில் பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் அந்தக் கலத்துக்குப் போகும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். ஐம்பது வருட ரப்பர், வெடித்திருக்கும்.)

ஆவியுறிஞ்சி சரிப்படாது. கரி ஆவியை உறிஞ்சுவதில்லை. பஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சல். இங்கே ஆவி கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். இலங்கைப் பாடநூல்கள் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பரப்புக் கவர்ச்சி என்கிறோம்.

வடிகட்டி அதைவிடத் தப்பு. வடிகட்டி நிரம்பினால் தூக்கிப் போடுவோம். இது நிரம்பும், காலியாகும், மறுபடி நிரம்பும். ஆவிப்பிடியைக் கேட்டால் சளிக்கு வெந்நீரில் ஆவி பிடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. போர்வை இல்லாமல் அந்தச் சொல்லை என்னால் நினைக்க முடியவில்லை.

பிடிப்பதைவிட விடுவதுதான் இங்கே முக்கியம். காங்கேயம் பக்கம் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். அதிலிருந்து அருமையான செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) கிடைக்கிறது, தண்ணீர் சுத்திகரிக்க அதைப் போல வராது. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. பெட்ரோல் ஆவியை இறுகப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. அதனால் கார்களுக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த, கொஞ்சம் அகலமான துளையுள்ள கரியையே தேர்ந்தெடுக்கிறார்கள். போர்ஷே 914இல் குளிர்விக்கும் விசிறியின் காற்றையே டப்பா வழியாக ஊதி, ஒட்டியிருக்கும் ஆவியைக் கிளப்பி, எஞ்சினின் காற்று வடிகட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இப்படி விடாவிட்டால் இரண்டு மூன்று நாளில் கரி நிறைந்து டப்பாவால் பயனில்லாமல் போகும்.

வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பதற்கு நம்மிடம் ஒரு பழைய பொருளே இருக்கிறது, சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருபவர் அதை இறக்கி வைத்து இளைப்பாறி, மறுபடி தூக்கிக்கொண்டு போகிற கல். இடிதாங்கியும் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே நான் முன்வைப்பது ஆவிதாங்கி. அப்புறம், கரியில் ஆவி சேர்வது ஏற்றம், கிளம்பிப் போவது இறக்கம், அதைத் திறந்துவிடும் வால்வு இறக்குவால்வு. எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

---

மறுமொழி

அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலும் சுமைதாங்கிக் கற்கள் இருக்கின்றன, நீங்கள் சொல்வது உடனே விளங்கியது. ஆனால் எங்களுக்குத் தாங்கி என்றால் தொட்டி. தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி என்றுதான் எழுதுவோம். நீங்கள் 240இசட்டில் சொன்ன அந்தச் சிறு கலம்தான் எங்கள் கண்ணுக்கு ஆவித்தாங்கி. உங்கள் ஆவிதாங்கிக்கும் அதற்கும் நடுவில் ஒரு 'த்' மட்டும் நிற்கிறது. தட்டச்சில் அது விழுந்தால் வேறு பாகத்தைக் கழற்றிவிடுவார்கள். இதை ஒருமுறை யோசியுங்கோ.

---

மறுமொழி

தம்பி, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. இடிதாங்கி, சுமைதாங்கி போல ஒற்று மிகாது என்று இலக்கணம் காட்டி நான் வாதாடலாம். பட்டறையில் க்ரீஸ் கையோடு படிப்பவருக்கு ஒற்றை நம்பிப் பாகத்தைப் பிரித்துக் கொடுப்பது நியாயமில்லை. தாங்கியை விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான்.

இரவெல்லாம் யோசித்து வேறொன்றில் வந்து நிற்கிறேன், ஆவியேந்தி. எங்கள் சிவகங்கைப் பக்கம் ஊர்ப்பெயர்களிலேயே ஏந்தல் உண்டு. மழைத் தண்ணீரை ஏந்தி வைத்திருந்து வயலுக்குத் திறந்துவிடும் சிறு கண்மாய் அது. வாங்குவதும் விடுவதும் அதில் இருக்கிறது, தொட்டியோடும் குழம்பாது, ஒற்றுத் தொல்லையும் இல்லை. முழு அமைப்பையும் ஆவியேந்து அமைப்பு எனலாம். கிராங்க் கேஸில் ஆவியை வைக்கும் 240இசட்டுக்கும் பொருந்தும். கரி இருக்கும் வண்டியில் கரி ஆவியேந்தி என்று சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆவித்தாங்கியை அந்தச் சிறு கலத்துக்கே வைத்துக்கொள்கிறேன், அதற்கு நான் இதுவரை பெயரே வைத்திருக்கவில்லை.

இந்தச் சொல் பழைய கார்க்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2017 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் தயாரான பெட்ரோல் பைக், ஸ்கூட்டர்களிலும் இந்தக் கறுப்பு டப்பா இருக்கிறது. அவற்றைப் பழுது பார்க்கும் நண்பர்கள் இருந்தால் இந்தச் சொல்லை அவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்து, வாயில் வருகிறதா என்று எழுதுங்கள்.

இன்னொரு சொல்லும் எனக்கு உடனே வேண்டும். ஓடி வந்த வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகுமே, அதற்கு. 'அணைப்புக் கொதி' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், திருப்தியில்லை.