சிங்கப்பூர் உணவங்காடியில் சைவம் சாப்பிடுவது எப்படி?

வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருப்பவர்களில் பலர், முதல் சில மாதங்களுக்கு, லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையை விட்டு வேறெங்கும் சாப்பிடப் போவதில்லை. 1947 முதல் கோமள விலாஸ் சைவ உணவகம் இருக்கும் வட்டாரத்தில் இலை போட்டுச் சாப்பாடு கிடைக்கும்போது வேறிடம் தேடுவானேன் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அலுவலகம் ஜூரோங்கிலோ சாங்கியிலோ அமைந்துவிட்டால், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உணவங்காடி நிலையத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும். தெருவோரம் வண்டி போட்டு விற்றவர்களை, தண்ணீரும் வடிகாலும் உள்ள கட்டடங்களுக்கு அரசாங்கம் 1970களிலும் 80களிலும் மாற்றியதால் உருவான இடங்கள் இவை. 2020இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது இங்கு வளர்ந்த பண்பாடு.

சைவ உணவுக்காரர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, உணவின் பெயரையோ தட்டில் தெரியும் காய்கறியையோ நம்பி வாங்கக் கூடாது என்பது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டு போட வேண்டாம் என்கிறீர்கள் என்றே சில கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்கத் தேவையில்லை. கங்கோங் என்ற கீரை வதக்கலை நான் பல வாரங்கள் ஆசையாகச் சாப்பிட்ட பிறகுதான், அதன் மணத்துக்குக் காரணம் பெலாச்சான் என்னும் இறால் விழுது என்று தெரிந்துகொண்டேன். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸின் குழம்பில் பெரும்பாலும் உலர்ந்த இறால் இருக்கும். கோழிச் சோற்றுக் கடையில் வெறும் சோறு கேட்டாலும் அது கோழி வேகவைத்த நீரிலும் கொழுப்பிலும் சமைத்ததாக இருக்கும். சீனக் கடைகளின் கீரை வதக்கலில் சிப்பிச் சாறு சேர்ப்பது மிகச் சாதாரணம். ஆகவே மீன், இறால், சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'கேரட் கேக்' என்ற பலகையைப் பார்த்து இனிப்பு என்று வரிசையில் நின்றுவிடாதீர்கள். அது வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, முட்டையோடு பொரிப்பது.

இதற்கெல்லாம் நல்ல மாற்று, பல உணவங்காடிகளில் இருக்கும் சீன சைவக் கடை. பௌத்த வழக்கப்படி நடக்கும் கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. அங்கே வாத்து போலவும் பன்றி இறைச்சி போலவும் அடுக்கி வைத்திருப்பவை சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை என்பதால் திடுக்கிட வேண்டாம். முட்டை மட்டும் சில கடைகளில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அன்று வரிசை நீளும். மற்றக் கடைகளில் மாட்டிறைச்சி உண்டா என்று கேட்பதற்கும் கூச்சம் தேவையில்லை. அதைத் தவிர்க்கும் சீனர்களும் இங்கே நிறைய.

தமிழ் முஸ்லிம் கடைகளில் பரோட்டா வாங்கும்போது 'கோசோங்' என்றால் உள்ளே எதுவும் வைக்காதது. ஆனால் தொட்டுக்கொள்ள மீன் குழம்போ ஆட்டுக் குழம்போ வந்துவிடலாம் என்பதால், பருப்புக் குழம்பு வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அதே சொல்லைக் கோப்பியோடு சேர்த்தால் சர்க்கரை இல்லாதது என்று பொருள். வெறுமனே கோப்பி என்றால் கெட்டிப்பால் கலந்தது, கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும், 'சியூ டாய்' என்றால் இனிப்புக் குறைவு. ஹலால் தேடுபவர்கள், முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழைப் பார்க்க வேண்டும். பன்றி இறைச்சி இல்லை என்று எழுதியிருப்பது சான்றிதழ் ஆகாது.

மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இந்த விதி கண்டிப்பாகியிருக்கிறது. முதல் முறை எச்சரிக்கையோடு விடுவார்கள், மறுமுறை அபராதம் உண்டு. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். அவசரத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள்.