எதிர்க்கருத்துக்காரரை எந்தப் பெயரால் குறிப்பிடலாம்?

கேள்வி:
சபை வாட்ஸ்அப் குழுவில் அரசியல் வந்தாலே ‘பாசிஸ்ட்’, ‘தேசத்துரோகி’, ‘அந்திக்கிறிஸ்துவின் ஆள்’ என்று வார்த்தைகள் பறக்கின்றன. கண்டிக்கவும் வேண்டும், வசைபாடவும் கூடாது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது? ‘இயேசுவே கலிலேயாவை ஆண்ட ஏரோதை நரி என்றாரே’ என்பவர்களுக்கு என்ன பதில்?

பதில் 1:
ஆளுக்குப் பெயர் சூட்டாமல் செயலைச் சொல்லுங்கள். ‘ஏழைகளின் விரோதி’ வேண்டாம். ‘உதவித்தொகையைக் குறைக்கும் மசோதாவை ஆதரித்து வாக்களித்தார், அது தவறு’ என்று எழுதலாம். இதைச் சரிபார்க்க முடியும், மறுக்கவும் முடியும். செயலிலிருந்து நோக்கத்துக்குத் தாவும்போதுதான் பொய்ச்சாட்சி (யாத்திராகமம் 20:16) நுழைகிறது. இன்னொன்று, ‘இடதுசாரி’, ‘பழமைவாதி’ போல அவரே ஏற்கும் பெயரென்றால் சிக்கலில்லை.

பதில் 2:
லூக்கா 13:31-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஏரோது இயேசுவைக் கொல்லத் தேடுகிறான் என்ற செய்திக்குத்தான் ‘நரி’ என்ற அந்தப் பதில். அதிகாரத்தில் இருந்த ஒருவனைப் பற்றியது, ஒரு தலைவருக்கு ஓட்டுப்போட்ட பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியதல்ல. மத்தேயு 23-இல் வேதபாரகரையும் பரிசேயரையும் இயேசு ‘மாயக்காரர்’ என்னும்போதும் அவர்கள் செய்தது கூடவே விவரிக்கப்படுகிறது. நமக்குப் பொருந்துவது அப்போஸ்தலர் 23:3-5. அப்போஸ்தலன் பவுல், தன்னை அடிக்கச் சொன்னவரை ‘வெள்ளையடிக்கப்பட்ட சுவரே’ என்றார். எதிரே இருப்பவர் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும் வேதவசனத்தைக் காட்டிப் பின்வாங்கினார். நரியைப் பிடித்துக்கொள்பவர்கள் இந்தப் பகுதிக்கு வருவதேயில்லை!

பதில் 3:
மழுப்பலும் பொய்தான். இனவெறுப்பைக் கொள்கையாகவே அறிவித்தவரை ‘இனவாதி’ எனலாம். ஆனால் சீர்திருத்தச் சபைகளின் விசுவாசப் பாடநூலான 1563-இன் ஹைடல்பர்க் வினாவிடை, 112-ஆம் கேள்வியில், ஒருவர் தரப்பைக் கேட்காமல் கண்டனத்தில் சேராதே என்கிறது. வெட்டி ஒட்டிய காணொளி வந்தால் முழு உரையையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.