எரியா உருளை: இரட்டை உருளை வண்டிப் பழுதுக்கு ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய இரட்டை உருளை (சிலிண்டர்) மோட்டார் சைக்கிளில் ஓர் உருளை மட்டும் வேலை செய்யாமல் நின்றுவிடும் நிலைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். செத்த உருளை, ஊமை உருளை, முடங்கிய உருளை, அவிந்த உருளை என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கும் நல்ல தமிழ், நான்கும் வாயில் எளிதாக வரக்கூடியவை. ஆனால் ஒரு பழுதின் பெயரை, அதைப் பயன்படுத்திப் பழுது பார்க்கப் போகிறவரின் பக்கம் நின்று எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன். வேலையைத் தொடங்கும்போது அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த உருளைக்குள் எரிதல் நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்பது இனிமேல்தான் தேடப்பட வேண்டும். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடாத பெயர் வேண்டும் என்பதால் 'எரியா உருளை' என்பதை முன்மொழிகிறேன். பிளக் (உருளைக்குள் பொறி தருவது), காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது) போன்ற புழக்கச் சொற்களை இம்மடலில் அப்படியே எழுதுகிறேன்; அவற்றைப் பற்றித் தனியே பேசிக்கொள்ளலாம்.

'செத்த உருளை' என்பதற்கு இழையில் ஆதரவு மிகுதி. எனக்கு அதில் உள்ள தடை பெரியது. தமிழில் ஒரு பொருள் செத்துவிட்டது என்றால் அது இனித் தேறாது என்றே கேட்பவர் கொள்வார். பட்டறைக்கு வந்தவரிடம் "உங்கள் வண்டியில் ஓர் உருளை செத்துவிட்டது" என்று சொன்னால், இயந்திரத்தைப் பிரித்து பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றியாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் அங்கேயே வந்துவிடுவார். உண்மையில் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் (வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளை) படிந்த பழைய பெட்ரோல் கசடு, பிளக் தொப்பிக்குள் அறுந்துபோன இணைப்பு, நெளிந்த பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் துண்டித்துப் பொறி எழச்செய்யும் தொடுமுனை) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே போதும், ஓர் உருளை நின்றுவிட. சில நிமிடங்களில் சரியாகிவிடக்கூடிய குறைக்குச் சாவின் பெயரை இடுவது வாடிக்கையாளருக்கும் நன்மை தராது, தொழில் கற்கும் இளைஞருக்கும் நன்மை தராது.

'முடங்கிய உருளை' என்பதன் சிக்கல் வேறு. பிஸ்டன் உருளைச் சுவரோடு இறுகி நகராமல் போவதற்கு 'முடக்கம்' என்ற சொல் நமக்குத் தேவைப்படும். எரியாத உருளையில் பிஸ்டன் முடங்குவதில்லை. மற்ற உருளையின் ஆற்றலால் இழுக்கப்பட்டு மேலும் கீழும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இந்தச் சுமையையும் சேர்த்து இழுப்பதால்தான் ஓர் உருளையில் ஓடும் வண்டியின் ஆற்றல் பாதியைவிடவும் குறைந்துபோகிறது. எரியாமல் உள்ளே போகும் பெட்ரோல் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவதால், இந்நிலையிலேயே நெடுந்தொலைவு ஓட்டினால் உண்மையான முடக்கமும் நேரலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகக்கூடிய இரண்டு நிலைகளுக்கு ஒரே சொல் இருக்கக் கூடாது.

'ஊமை உருளை' அழகான சொல்லே. ஆனால் அந்த உருளை ஊமையாக இருப்பதில்லை. வால்வுகளின் தட்டல் கேட்கும், எரியாமல் வெளியேறிய கலவை சூடான சைலன்சரில் பற்றி அவ்வப்போது வெடிக்கவும் செய்யும். மேலும், காதை மட்டும் நம்பி எது எரியவில்லை என்று சொல்வதும் எல்லா வண்டிகளிலும் இயலாது. 1959இல் வந்த ட்ரையம்ஃப் போனவில்லில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். எரிதல், கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 360 பாகை சுழல்வதற்கு ஒரு முறை சீராக மாறி மாறி நிகழ்வதால், ஒன்று நின்றால் தாளம் பாதியாவது நன்றாகவே தெரியும். ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும் 180 பாகை கிராங்க் கொண்ட பழைய இரட்டை உருளை ஹோண்டா சிபி350இல் இடைவெளிகள் 180, 540 என இயல்பிலேயே ஏற்ற இறக்கமாக உள்ளன. அதன் தாளம் பழகாதவருக்கு வேற்றுமை உடனே பிடிபடாது. ஓசையை அடிப்படையாகக் கொண்ட பெயர் இவ்விடத்தில் வழிகாட்டாது.

கைக்குத் தெரிவது சூடுதான். குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு பெண்ட் பைப்பின் (உருளையிலிருந்து புகை வெளியேறும் வளைகுழாய்) மேலும், உருளையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, சில சொட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். எரியும் பக்கத்தில் சொட்டு 'சுர்' என்று துள்ளி மறையும். எரியாத பக்கத்தில் அது குழாயின் வளைவைப் பற்றிக்கொண்டு மெல்ல வழிந்து கீழே தொங்கும். இந்தச் சோதனை சொல்வதும் 'எரியவில்லை' என்ற அந்த ஒரே செய்தியைத்தான். செய்தியையும் பெயரையும் ஒரே சொல்லில் வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றுகிறது.

'அவிந்த உருளை' என்பதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். விளக்கு அவிந்தது என்ற வழக்கின் தொடர்ச்சியாக வருவதால் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் அவிந்தது என்றால் முன்பு எரிந்தது என்று பொருள். கிளப்பிய நொடியிலிருந்தே ஒரு முறையும் எரியாத உருளையும், பத்து நிமிடம் நன்றாக ஓடிக் காயில் சூடேறிய பின் நிற்கும் உருளையும் பழுதறிவோருக்கு வெவ்வேறு. பின்னதில் காயிலையும், பாயிண்டோடு இணைந்த கண்டென்சரையும் முதலில் ஐயுறுவார்கள். ஆறியதும் குறை மறைந்துவிடும் என்பதால் அதைச் சூட்டோடு சோதிக்க வேண்டும். ஆகவே 'அவிந்த' என்பதைக் கைவிடாமல், சூடேறிய பின் நிற்கும் இவ்வகைக்கு மட்டும் உரிய துணைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைக்கிறேன்.

'எரியா' என்பதற்கு எதிராக ஒரு நண்பர் எழுப்பிய தடையை மதிக்கிறேன்: 'எரியாத் துணி' என்றால் தீப்பிடிக்காத துணி, அதுபோல 'எரியா உருளை' தீப்பிடிக்காத உருளை என்றாகிவிடாதா என்று கேட்டிருந்தார். அடுப்பு எரியவில்லை என்று நாம் சொல்லும்போது அடுப்பின் மண்ணோ இரும்போ எரியவில்லை என்று எவரும் கொள்வதில்லை. உள்ளே தீ இல்லை என்றே கொள்கிறோம். தீயைத் தன்னுள் வைத்திருக்கும் இடத்தை எரிவதாகச் சொல்லும் இந்த வழக்கு தமிழில் ஆழ வேரூன்றியது, உருளையும் அத்தகைய இடமே. பட்டறையில் "ஒரு சிலிண்டர் அடிக்கலை", "ஒத்தைச் சிலிண்டர்ல ஓடுது" என்று சொல்லும்போதும் நிகழாத ஒன்றைத்தான் சொல்கிறார்கள், கெட்டுப்போன ஒன்றைச் சொல்வதில்லை. செல்லாக் காசு போன்ற எதிர்மறைப் பெயரெச்ச அமைப்பு அந்தப் பேச்சோடு ஒத்துப்போகிறது.

பெயர் காரணத்தை விட்டுவைப்பதன் பயன் அடுத்த அடியில்தான் தெரியும். எரியா உருளையின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை பெட்ரோலில் நனைந்திருக்கலாம், அல்லது உலர்ந்திருக்கலாம். நனைந்திருந்தால் எரிபொருள் வந்தும் பொறி பற்றவில்லை என்று கொண்டு மின்பக்கம் போக வேண்டும். உலர்ந்திருந்தால் கார்புரேட்டர், மிதவை, பெட்ரோல் குழாய், உறிஞ்சு பக்கத்து ரப்பரின் வெடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து இன்னும் எரியவில்லை என்றால் கம்ப்ரஷனை (உருளைக்குள் ஏற்படும் அழுத்தத்தை) அளக்க வேண்டும். திராட்டிலை (ஆக்ஸிலேட்டரை) முழுவதும் திறந்துவைத்து அளக்கும்போது, எரியா உருளையின் அளவு மற்றதைவிட மிகவும் குறைந்திருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். நான்கடி (ஃபோர் ஸ்ட்ரோக்) இயந்திரத்தில் அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. யமஹா ஆர்டி350 போன்ற ஈரடி (டூ ஸ்ட்ரோக்) இயந்திரத்தில் உருளைத் தலையில் இத்தகைய வால்வுகள் இல்லை. அங்கே கிராங்க் சீல் காற்றை உள்ளே விட்டாலும் அந்தப் பக்கத்து உருளை எரியாமல் போகலாம்.

இதையொட்டி இன்னொரு சொல்லையும் முன்மொழிய வேண்டியுள்ளது. இரட்டை உருளை வண்டியில் பழுதறிபவருக்கு உள்ள பெரிய வாய்ப்பு, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நிலையில் இன்னோர் உருளை பக்கத்திலேயே இருப்பதுதான். இடப்பக்கத்துப் பிளக்கை வலப்பக்கத்தில் பொருத்தினால் குறையும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் குற்றம் அந்தப் பிளக்கினுடையது, மாறாவிட்டால் அடுத்த உறுப்பு. இதற்கு 'மாற்றுச் சோதனை' என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். மாற்றுச் சோதனை என்றால் ஒன்றுக்குப் பதிலான வேறொரு சோதனை என்றும் பொருள்படும் என்பதால் 'இடமாற்றுச் சோதனை' என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும்: பக்கத்துக்கு ஒரு பாயிண்டும் ஒரு காயிலும் உள்ள வண்டியில் பிளக் ஒயர்களை மட்டும் மாற்றிச் செருகினால் பொறி தவறான நேரத்தில் பாயும், நல்ல உருளையும் நின்றுவிடும். காயிலைச் சோதிக்க வேண்டுமானால் பாயிண்டிலிருந்து வரும் கம்பிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பொறியைக் கண்ணால் பார்க்கும்போதும் பிளக்கின் உடலை இயந்திரத்தின் உலோகத்தில் நன்றாகத் தொட வைத்து, திறந்திருக்கும் பிளக் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும், ஏனெனில் அத்துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும்.

எஞ்சியிருப்பது எல்லைக் கேள்வி. சில வண்டிகளில் நின்ற இடத்து ஓட்டத்தில் (ஐடிலிங்) மட்டும் ஓர் உருளை எரியாது. திராட்டிலைத் திறந்ததும் உயிர்பெற்று ஓடத் தொடங்கும். பைலட் ஜெட் அடைப்பு, இரு கார்புரேட்டர் கம்பிகளின் இழுவை சமமாக இல்லாமை ஆகியவற்றின் வழக்கமான அடையாளம் இது. இதை எரியா உருளை என்பதா, பட்டறையில் 'மிஸ்ஸிங்' எனப்படும் 'எரிப்புத் தவறல்' என்பதா? விட்டுவிட்டு நிகழ்வதே தவறல். நின்ற இடத்து ஓட்டம் முழுவதும் தொடர்ந்து எரியாதிருந்தால் அதையும் எரியா உருளை என்றே அழைப்பது பொருந்தும் என நினைக்கிறேன். ஆகவே விளக்கத்தை இவ்வாறு அமைத்துள்ளேன்: 'எரியா உருளை: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், எல்லா வேகத்திலுமோ குறிப்பிட்ட வேக எல்லைக்குள்ளோ, தொடர்ந்து எரிதல் நிகழாத உருளை.' 'குறிப்பிட்ட வேக எல்லைக்குள்ளோ' என்ற பகுதியை நீக்க வேண்டும் என்று கருதுபவர்கள், பைலட் ஜெட் அடைப்பால் நிற்கும் உருளையை எந்தச் சொல்லின்கீழ் கொண்டுவருவார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.