சொகுசு கார்க்காரர்கள் மட்டும்தான் இப்படியா?

கேள்வி: பதினோரு வருடமாக கால் டாக்ஸி ஓட்டுகிறேன். நேற்று இரவு ஓஎம்ஆரில், சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு முன்னால், ஒரு சொகுசு கார் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹைபீம் அடித்துக்கொண்டே வந்தது. இடப்பக்கம் மாநகரப் பேருந்து, எங்கே ஒதுங்குவது? உள்கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். காசு வந்தால் இப்படித்தானா, இல்லை எனக்குத்தான் வயிற்றெரிச்சலா?

பதில்: வயிற்றெரிச்சல் மட்டுமில்லை அண்ணே. 2012-ல் வெளியான அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வில், சாலைச் சந்திப்பில் அடுத்தவர் முறையைப் பறித்துக்கொண்டு போகும் விகிதம் மலிவான கார்களைவிட விலை உயர்ந்த கார்களில்தான் அதிகம்.

பதில்: 2020-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக பின்லாந்தில் 1,892 கார் உரிமையாளர்களிடம் கேட்டார்கள். யாரோடும் ஒத்துப்போகாத, பிடிவாதக்கார ஆண்களிடம் ஆடி, பிஎம்டபிள்யூ, பென்ஸ் அதிகம். ஆனால் ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்களும் அதே கார்களைத்தான் விரும்பினார்களாம்!

பதில்: நான் அப்படிப்பட்ட காரை ஓட்டும் சம்பள டிரைவர். பின்சீட்டில் முதலாளி, "ஃபிளைட் போயிடும்பா" என்பார். ஹைபீம் அடிக்கும் கை என்னுடையது, அவசரம் அவருடையது. திட்டு மட்டும் எனக்கு. சரி, ஷேர் ஆட்டோ என்றைக்கு உங்களுக்கு வழி விட்டது?

கேள்வி கேட்டவர்: ஷேர் ஆட்டோவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தம்பி அதை ஓட்டித்தான் பிழைக்கிறான்.